மூன்று புள்ளிக்குப் பின்னால்

கிள்ளானிலிருந்து ஒரு தம்பி தன் சிறுகதையை அனுப்பியிருந்தார். எட்டுப் பக்கம். கொமுட்டர் ரயிலில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன், சுபாங் ஜெயா வருவதற்குள் முடிந்துவிட்டது. நல்ல கதை. தோட்டத்தை விட்டு வெளியேறி, அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்து, துறைமுகத்துக்கு லாரி ஓட்டி, கடைசியில் ஆஸ்பத்திரியில் செத்துப்போகும் ஒரு அப்பாவின் கதை. இதையெல்லாம் ஏற்கெனவே படித்தாயிற்றே என்று நம்மில் பலர் சொல்வோம். ஆனால் இவர் அந்த லாரிக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். முருகன் படத்துக்குப் பக்கத்தில் டோல் ரசீதுகளை ரப்பர் பேண்டு போட்டுச் செருகி வைத்திருப்பதெல்லாம் கற்பனையில் வராது.

அப்பா சாகும் இடம் இப்படி இருந்தது: “அப்பா எங்களை விட்டுப் போய்...!!!”

அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்திருக்க வேண்டும். கதை அதற்கு வேண்டியதை எல்லாம் அதுவரை செய்துவிட்டிருந்தது. நானோ புள்ளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று புள்ளி, மூன்று ஆச்சரியக்குறி. ஆறு குறிகள் சேர்ந்து ஒரு வினைச்சொல்லின் வேலையைச் செய்யப் பார்க்கின்றன. முடியவில்லை.

நிறுத்தற்குறிக்கெல்லாம் விமர்சனமா, அது புரூஃப் பார்ப்பவர் வேலை இல்லையா என்று கேட்கலாம். கதையின் மற்ற இடங்களில் புரூஃப் பார்ப்பவர் வேலைதான். ஆனால் ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது, எப்படி முடிகிறது என்பது எழுதுகிறவனின் முடிவு. அதை அவன் எடுக்காமல் விட்டால் புரூஃப் பார்ப்பவரால் ஒன்றும் செய்ய முடியாது.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். முற்றுப்புள்ளி, கேள்விக்குறி, ஆச்சரியக்குறி மூன்றும் நமக்கு அச்சு வழியாக, ஐரோப்பிய மொழிகளிடமிருந்து வந்தவை. இவற்றைத் தமிழ் உரைநடையில் முறையாகப் பயன்படுத்தி நிலைநிறுத்தியவர் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலரைச் சொல்வார்கள் (1822–1879). பீட்டர் பெர்சிவலோடு உட்கார்ந்து பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். ஆங்கில வாக்கியம் எப்படி நிற்கிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பிறகு சொந்தமாக அச்சகம் வைத்து, சைவ நூல்களையும் பாடப் புத்தகங்களையும் அதே குறிகளோடு அச்சிட்டார். பாதிரிமாரின் ஆயுதத்தை வாங்கி அவர்களுக்கு எதிராகவே திருப்பிய மனிதர் என்று அவரைப் பற்றிச் சொல்வதில், இந்தச் சின்னப் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்கு முன்னால் தமிழில் வாக்கியம் முடியவே இல்லையா? நன்றாகவே முடிந்தது. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும். மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டு என்று தொல்காப்பியம் சொல்லியும்கூட, ஏடு எழுதியவர்கள் பெரும்பாலும் அதை வைக்காமலே விட்டார்கள். அதனால் முடிவைக் கண்ணுக்குக் காட்டும் வழி இல்லை. காதுக்குக் காட்டினார்கள். அகவற்பா பெரும்பாலும் ஏகாரத்தில் முடியும். தொல்காப்பியம் ஏகாரத்துக்கு ஐந்து வேலைகள் சொல்கிறது, அதில் ஒன்று ஈற்றசை. அதாவது பொருள் எதுவும் இல்லை, “இதோடு முடிந்தது” என்று சொல்ல மட்டும் ஓர் ஒலி. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்பாடுகளில் ஒன்றில்தான் நிற்க வேண்டும். கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு அந்தச் சீர் விழுந்ததும் பாட்டு முடிந்தது தெரிந்துவிடும். உரையாசிரியர்கள் “என்க” என்றும் “என்றவாறு” என்றும் முடித்தார்கள். கோயில் கல்வெட்டில் “இது பன்மாஹேஸ்வர ரக்ஷை” என்று வந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. பழைய சினிமாவில் “சுபம்” போடுவார்களே, அந்த மாதிரி.

உரைநடையிலும் இந்த வேலையைச் செய்ய ஒருவர் இருக்கிறார். நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்த வினைமுற்று. தமிழில் வினை முற்றிய இடத்தில் வாக்கியம் முற்றுகிறது. “வந்தார்” என்று சொன்னால் யார், எப்போது, மரியாதை உண்டா இல்லையா எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடைந்து கதவு சாத்தியாகிவிட்டது. கேள்வியும் அப்படியே. “வந்தாரா” என்றால் அந்த ஆகாரமே கேள்விக்குறி. மலாய்க்காரர்களுக்கு இது புதிதல்ல, அவர்களுக்குக் “கா” இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. அது சொற்களின் இடத்தை மாற்றிக் கேட்கும், அல்லது குரலை உயர்த்திக் கேட்கும். குரலை உயர்த்துவதைத் தாளில் காட்ட அதற்குக் கேள்விக்குறி வேண்டும். சரமாகோ கேள்விக்குறியே இல்லாமல் நாவல் எழுதினார் என்று நம் இளைஞர்கள் வியக்கிறார்கள். போர்த்துகீசிய மொழியில் அது துணிச்சல். தமிழில் எந்தப் பாட்டியும் கடிதத்தில் செய்தது அது.

அப்படியென்றால் முற்றுப்புள்ளி நமக்குத் தேவையே இல்லையா? இங்கேதான் எனக்கு என் சொந்த வாதத்தின் மீதே சந்தேகம் வருகிறது. எழுத்துத் தமிழுக்குத்தான் வினை கடைசியில் வரும். பேச்சுத் தமிழ் அப்படி ஒழுங்காக வரிசையில் நிற்காது. “போயிட்டாரு நேத்தே, ஆஸ்பத்திரிக்கு” என்று பேசுகிற ஆட்கள் நாம். இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “அவன் வந்தான் நேற்று கடைக்குப் போனேன்.” புள்ளியை “நேற்று”க்கு முன்னால் வைத்தால் கடைக்குப் போனது நேற்று. பின்னால் வைத்தால் அவன் வந்தது நேற்று. வினைமுற்று இரண்டு இருந்தும் சண்டையைத் தீர்ப்பது புள்ளிதான். “இவர் என் அப்பா” போல வினையே இல்லாத வாக்கியத்திலும் அப்படித்தான். பேச்சு மொழியில் கதை எழுத வந்த பிறகு, நாவலர் காலத்தைவிட நமக்குப் புள்ளி அதிகம் தேவைப்படுகிறது. அதனால்தான் அதை எங்கே வைக்கிறோம் என்பதில் கவனம் வேண்டியிருக்கிறது.

கவனம் இல்லாத இடம் ஒன்று, இங்கே வரும் கதைகளில் பத்துக்கு எட்டில் பார்க்கலாம். உரையாடல். ஒரே கதையில், ஒரே பக்கத்தில்கூட, மூன்று விதமாக வரும்.

“நான் வரல,” என்றான்.

“நான் வரல.” என்றான்.

“நான் வரல” என்றான்.

முதலாவது நேராக ஆங்கிலத்திலிருந்து வந்தது. “ஐ ஆம் நாட் கமிங்,” ஹி செட். அங்கே அந்தக் காற்புள்ளிக்கு நியாயம் உண்டு. அவன் பேசியது ஒரு முழு வாக்கியம். அதற்குப் பின்னால் ஹி செட் என்று இன்னொரு முழு வாக்கியம் ஒட்டுகிறது. இரண்டையும் இணைக்க நடுவில் சொல் எதுவும் இல்லை. உள்ளே முற்றுப்புள்ளி வைத்தால் வெளி வாக்கியம் அறுந்துவிடும், ஆகவே அது காற்புள்ளியாக இறங்கி வழிவிடுகிறது. தமிழில் அந்த இணைக்கும் வேலைக்கு “என்று” இருக்கிறது. “என்றான்” என்பதற்குள்ளும் அதுதான் இருக்கிறது. பாலம் இருக்கும்போது படகு எதற்கு? இரண்டாவது வடிவம் இன்னும் மோசம். முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு முடியவில்லை என்கிறது. என் ஓட்டு மூன்றாவதுக்கு. கேள்வி என்றால் “நீ வரலையா?” என்றான் என்று குறியை உள்ளே வைத்துக்கொள்ளலாம், அது குரலைக் காட்டுகிறது. உள்ளே இரண்டு வாக்கியம் இருந்தால் முதலாவதுக்குப் புள்ளி இருக்கட்டும், கடைசிக்கு வேண்டாம். இதில் எனக்கு எதிராகப் பேச நல்ல பதிப்பாசிரியர்கள் இருக்கிறார்கள். பேசட்டும். ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு கதைக்குள் ஒரு முறைதான் இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தின் பிடி இதற்கும் கீழே ஆழமாக இருக்கிறது. நம்மில் பலர் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு மலாயில் இடைநிலைப் பள்ளி, நடுவில் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாள் என்று வளர்ந்தவர்கள். தமிழ் தலையோடு ஆங்கிலம் எழுதும்போது ஒரு தப்பு வரும். “மை ஃபாதர் கேம் ஹோம், ஹி வாஸ் டயர்ட்.” சிவப்பு மையில் வட்டம் விழும். ஏன் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தமிழில் “அப்பா வந்தார், களைப்பாக இருந்தார்” என்று காற்புள்ளி போட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போவதில்லை, ஏனென்றால் “வந்தார்” தன் கதவைத் தானே சாத்திக்கொண்டுவிட்டது. ஆங்கில வினையால் அது முடியாது. அங்கே இரண்டு வாக்கியத்துக்கு நடுவில் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இணைப்புச் சொல்லோ கட்டாயம். இன்னொரு தப்பு, “ஐ வொண்டர் ஒய் ஷி கேம்” என்பதற்குக் கேள்விக்குறி போடுவது. அது கேள்வி அல்ல, கேள்வியைப் பற்றிய தகவல். இதைத் தமிழிலும் செய்கிறோம். “அவள் ஏன் வந்தாள் என்று தெரியவில்லை?” தெரியவில்லை என்று நீங்களே சொன்ன பிறகு யாரிடம் கேட்கிறீர்கள்?

ஆங்கிலத்தில் வாங்கிய அடியால், திரும்பித் தமிழ் எழுதும்போது எதிர்ப்பக்கம் சாய்கிறோம். “அவர் எழுந்தார். கதவைத் திறந்தார். வெளியே பார்த்தார்.” இதுதான் நவீன நடை என்று ஒரு நம்பிக்கை. சில இடத்தில் இது சரி. ஒவ்வொரு செயலுக்கும் நடுவில் அவருக்குத் தயக்கம் இருந்தால், பயம் இருந்தால், மூன்று புள்ளியும் மூன்று மூச்சு. ஆனால் மனுஷன் சும்மா காற்று வாங்க எழுந்திருந்தால், “எழுந்து கதவைத் திறந்து வெளியே பார்த்தார்” என்று விடலாமே. எழுந்து, திறந்து என்ற இந்த எச்சங்கள் தமிழின் ஓட்டம். ஆங்கிலத்துக்கு இவ்வளவு சுலபமாக வராத ஓட்டம். அதை நாமே வெட்டிப் போடுவது எனக்கு வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

இனி அந்த ஆச்சரியக்குறிக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஒரு ஊகம் உண்டு. மலேசியச் சிறுகதை பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு பதிப்பில் வளர்ந்தது. 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசன் உட்பட, கதைக்கு வேறு வீடு அதிகம் இல்லாத காலம் அது. கதை வந்த அதே தாளில் செய்தித் தலைப்புகள் எல்லாம் ஆச்சரியக்குறியோடு நின்றன. மந்திரி மண்டபத்தைத் திறந்து வைத்தார் என்றாலும் ஆச்சரியம், மழை பெய்தது என்றாலும் ஆச்சரியம். இன்னொரு பக்கம் மேடைப் பேச்சு. மேடையில் ஒரு வரியை ஏற்றிச் சொல்லி நிறுத்தினால் கைதட்டு வரும். தாளில் கைதட்டு வராது, அதற்குப் பதில் குறி. மைக்கைப் பிடித்து எழுதிய தலைமுறையிடமிருந்து மைக் இல்லாத தலைமுறை அந்தக் குறியை மட்டும் வாங்கிக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குறி தேவையே இல்லாத பேச்சு நம்முடையது. நம்மிடம் “லா” இருக்கிறது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். “வா லா” என்பது அழைப்பு. “இல்ல லா” என்பது மறுப்பு, ஆனால் உறவை முறிக்காத மறுப்பு. “சரி லா” என்பது சம்மதம், கொஞ்சம் சலிப்போடு. வாக்கியத்தின் கடைசியில் நின்றுகொண்டு, பேசுகிறவர் எந்த மனநிலையில் கதவைச் சாத்துகிறார் என்று சொல்கிற ஒலி. பழைய ஈற்றசைக்கு இது தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் புலவர்கள் அடிக்க வருவார்கள், ஆனால் எனக்கு அப்படித்தான் படுகிறது. இதற்குப் பின்னால் ஒரு ஆச்சரியக்குறியைப் போட்டுப் பாருங்கள். “சரி லா!” சலிப்பு போய்விட்டது. ஆள் மாறிவிட்டார்.

கைப்பேசியில் இந்தத் தலைமுறைக்கு இதெல்லாம் சொல்லாமலே தெரியும் என்பதுதான் விசேஷம். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தில் 126 மாணவர்களிடம் பார்த்தார்கள், 2015இல் வெளிவந்தது. குறுஞ்செய்தியில் ஒற்றைச் சொல் பதிலுக்குப் பின்னால் முற்றுப்புள்ளி இருந்தால், அந்தப் பதிலில் மனசு இல்லை என்று வாசித்தார்களாம். கையால் எழுதிய குறிப்பில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. என் தங்கை “சரி” என்று அனுப்பினால் சரி. “சரி.” என்று அனுப்பினால் அன்றைக்கு நான் வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும். ஒரு புள்ளிக்கு இவ்வளவு காது வைத்திருக்கிற இளைஞர்கள், கதை எழுத உட்கார்ந்ததும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

புதுமைப்பித்தனின் “செல்லம்மாள்” கதையை இந்தக் காதோடு ஒரு முறை திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே செல்லம்மாள் இறந்துவிடுகிறாள். மூச்சு நின்றது, நாடி நின்றது, அவள் வெறும் உடம்பானாள் என்பதை வினைமுற்றுகளால் சொல்லி, அடக்கமாகப் புள்ளி வைத்து நகர்கிறார். ஆச்சரியக்குறி இல்லை, மூன்று புள்ளி இல்லை. ஆச்சரியக்குறியோடு சண்டை போட்ட எழுத்தாளர் அல்ல அவர், கேலி செய்யும்போது தாராளமாகவே எடுத்துக்கொள்வார். சாவுக்குத்தான் எடுக்கவில்லை. பட்டணத்தில், சொந்தபந்தம் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால் இருக்க, மனைவியின் பிணத்தோடு தனியாக இருக்கும் அந்தப் பிள்ளையிடம் நம்மைக் கொண்டுபோய் உட்கார வைப்பது அந்தப் புள்ளியின் அமைதி.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் தம்பியைப் பிரிக்பீல்ட்ஸில் சந்தித்தேன். துன் சம்பந்தன் சாலையில் இறங்கி, ஒரு கடையில் தே தாரேக் சொல்லிவிட்டு, கதைத் தாளை எடுத்து வைத்தேன். வினையெச்சம் என்ற பெயரிலேயே பதில் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். எச்சம் என்றால் மிச்சம். “போய்” என்ற சொல்லே முடியாமல் நிற்கிறது, அதற்குப் பின்னால் முடியவில்லை என்று இன்னும் மூன்று புள்ளி எதற்கு, அதற்கும் பின்னால் ஆச்சரியம் எதற்கு? முற்றைத் தேடிப் போகப் பயந்துகொண்டு குறிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறீர்கள் என்றேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டேன் போல.

தம்பி கொஞ்ச நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லண்ணே. அம்மா ஃபோன் பண்ணாங்க. ‘அப்பா போய்’னாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு வரல. லைன்ல அழுகைதான் கேட்டுச்சு. அதான் அப்படியே எழுதினேன்.”

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நான் பயம் என்று நினைத்தது சாட்சியாக இருந்திருக்கிறது. அந்த எச்சம் உண்மையில் ஒரு மனுஷியின் வாயிலிருந்து வந்தது, அந்த மூன்று புள்ளியும் உண்மையில் கேட்டது. தாளை மறுபடி பார்த்தேன். கதையில் அம்மாவும் இல்லை, ஃபோனும் இல்லை. அந்த வரியைச் சொல்வது கதைசொல்லி. மகன், பல வருடம் கழித்து, நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறவன். அம்மாவின் தொண்டையில் சிக்கிய சொல்லை எடுத்து அவன் தன் வாயில் போட்டுக்கொண்டிருக்கிறான். அதனால்தான் பொய்யாகக் கேட்டது. பொய் தெரிந்துவிடுமோ என்று ஆச்சரியக்குறிகள் காவலுக்கு வந்திருக்கின்றன.

“இதை அம்மாகிட்ட திருப்பிக் கொடுத்திடலாமா?” என்றேன்.

“அப்ப நான் என்னாண்ணே எழுதறது?”

“அவங்க முடிக்காததை நீங்க முடிக்கணும். ஒரு வரி போதும்.”

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. பேச்சு வேறு எங்கோ போய்விட்டது, லாரி டயர் விலை, கிள்ளானில் போன வாரம் தண்ணீர் வராதது. கிளம்பும்போது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. ஒரு ஃபோன் மணி சேர்ந்திருக்கிறது. “அப்பா போய்...” என்கிறார் அம்மா. மூன்றே புள்ளி, மேலே எதுவும் இல்லை. அடுத்த பத்தியில் மகன் நாலு சொல்லில் அப்பா இறந்த நேரத்தைச் சொல்லிவிட்டு, லாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யோசிக்கிறான். கதையின் வேறு இடங்களில் ஏழெட்டு ஆச்சரியக்குறிகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. இரண்டை எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன். மற்றதைப் பற்றி அடுத்த முறை சண்டை போட்டுக்கொள்ளலாம்.